ஜாம் வைத்த கிறிஸ்துமஸ் குக்கீ: முதல்முறை சுடுபவர்களுக்கு

இரண்டு மெல்லிய குக்கீ. மேலே இருப்பதன் நடுவில் ஒரு ஓட்டை. இடையில் வைத்த ஜாம் அந்த ஓட்டை வழியாகச் சிவப்பாக எட்டிப் பார்க்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைப் படத்தில் பார்த்துவிட்டு, இதெல்லாம் பேக்கரிக்காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய. உண்மையில் இதில் கைத்திறமை குறைவாகத்தான் தேவைப்படும். கேக் மாதிரிப் பொங்குமா அமுங்குமா என்ற கவலை இல்லை, க்ரீம் பிழிய வேண்டியதில்லை. மாவு கடைசிவரை சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே வரும் படிகளில் முக்கால்வாசி அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

இந்த வகைக்கு லின்சர் குக்கீ என்று பெயர். ஆஸ்திரியாவில் லின்ஸ் நகரத்தின் பெயரைக் கொண்ட ஒரு டார்ட், அதாவது மாவுத் தட்டில் ஜாம் வைத்துச் சுடும் பலகாரம், உண்டு. அதன் செய்முறை 1653-ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்கிறது. அதன் சின்ன வடிவம்தான் இந்தக் குக்கீ. பாதாமோ ஹேசல்நட்டோ அரைத்துச் சேர்த்த மாவு, துளி பட்டை, கிராம்பு, நடுவில் சிவப்பு கரண்ட் என்ற புளிப்பான குட்டிப் பழத்தின் ஜாம் என்பது அந்த ஊர் வழி. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வகைவகையாகக் குக்கீ சுட்டு டப்பாக்களில் அடுக்கி வைப்பார்கள். அந்த வரிசையில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம்

மாவு பிசைவது, சுடுவது, ஜாம் வைப்பது மூன்றும் தனித்தனி வேலை. மூன்றையும் ஒரே மாலையில் திணித்தால்தான் மாவு இளகிக் கையில் ஒட்டி, பொறுமையும் போய்விடுகிறது. பிரித்துச் செய்தால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

மாவு, நன்றாகச் சுற்றி வைத்தால், ஃப்ரிட்ஜில் 2 நாள் தாராளமாக இருக்கும். ஃப்ரீசரில் 2 மாதம். ஜாம் வைக்காத வெறும் குக்கீ, காற்றுப் புகாத டப்பாவில் 2 வாரம் மொறுமொறுப்பாகவே இருக்கும். ஜாம் வைத்த பிறகுதான் ஆயுள் குறைகிறது. ஆகவே பண்டிகைக்குத் திட்டமிடுபவர்கள் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரலாம்: டிசம்பர் 25-க்கு வேண்டுமென்றால் 24 அன்று ஜாம், அதற்கு முந்தைய வாரத்தில் எப்போது ஓய்வோ அப்போது சுடுவது, மாவு அதற்கும் முன்னால் எப்போது வேண்டுமானாலும்.

என்னென்ன வேண்டும்

5 செ.மீ. அகல வட்டத்தில் ஏறத்தாழ 35 ஜோடி வரும் அளவு இது.

மைதா – 250 கிராம்
பாதாம் தூள் – 75 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 200 கிராம்
பொடித்த சர்க்கரை – 100 கிராம், மேலே தூவத் தனியாகக் கொஞ்சம்
முட்டை மஞ்சள் கரு – 1
வெனிலா எசன்ஸ் – 1 டீஸ்பூன்
பட்டைத் தூள் – அரை டீஸ்பூன்
கிராம்புத் தூள் – ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்
எலுமிச்சைத் தோல் துருவல் – ஒரு பழத்தினுடையது
உப்பு – கால் டீஸ்பூன்
ஜாம் – 200 முதல் 250 கிராம்

தயவுசெய்து தராசில் நிறுத்துப் போடுங்கள். கப்பால் அளந்தால், மைதாவை எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடவோ குறையவோ செய்யும். மற்ற பலகாரங்களில் அது பெரிதில்லை. இங்கே மாவு கூடினால் குக்கீ வறண்டு வெடிக்கும், குறைந்தால் தட்டில் பரவி ஓடும். விலை உயர்ந்த கட்டர் வாங்குவதற்குப் பதிலாக அந்தப் பணத்தில் ஒரு சமையல் தராசு வாங்கலாம் என்பேன்.

சர்க்கரை பொடித்ததாகவே இருக்கட்டும். படிகச் சர்க்கரை மாவில் முழுதாகக் கரையாமல் நின்று, ஓவன் சூட்டில் உருகும்போது குக்கீயைப் பரத்திவிடும். ஓரமும் கரகரவென்று ஆகும். நமக்கு வேண்டியது வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிர்வது. அதே காரணத்துக்காக பேக்கிங் பவுடரும் சோடாவும் இதில் கிடையாது. உப்பி எழுந்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும், இரண்டு குக்கீயும் ஒன்றன்மேல் ஒன்று சமமாக உட்காராது.

பாதாம் தூளை வீட்டிலேயே அரைப்பதென்றால், எடுத்து வைத்த மைதாவிலிருந்து இரண்டு கரண்டி சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். வெறும் பாதாமைத் தொடர்ந்து அரைத்தால் சூடேறி எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். அரைத்ததைச் சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடி அரைக்கவும். ஒரு குருணை தங்கினால்கூட மாவைத் தேய்க்கும்போதும் வெட்டும்போதும் அந்த இடத்தில் கிழியும்.

கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதாம் தூளுக்குப் பதில் 50 கிராம் மைதா கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். மணம் கொஞ்சம் குறையும், மற்றபடி ஒன்றும் கெடாது. முட்டை வேண்டாமென்றால் மஞ்சள் கருவுக்குப் பதில் ஒரு டேபிள்ஸ்பூன் குளிர்ந்த பால். மாவு அப்போதும் சேராவிட்டால் இன்னும் ஒரு டீஸ்பூன். வெண்ணெயை மட்டும் மாற்றாதீர்கள். இந்தக் குக்கீயின் ருசியே வெண்ணெய்தான்.

மாவு: பிசைவதை மறந்துவிடுங்கள்

வெண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக்கூடாது. பளபளவென்று மேலே எண்ணெய் மினுங்கினால் அது இளகிவிட்டது என்று அர்த்தம். கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். உருக்கிய வெண்ணெய் இங்கே உதவவே உதவாது.

வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மரக்கரண்டியாலோ பீட்டராலோ குழைக்கவும். கேக்குக்கு அடிப்பதுபோல வெள்ளையாகப் பொங்கும்வரை அடித்தால் உள்ளே காற்று சேர்ந்து, சுடும்போது குக்கீ வீங்கும். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் கலந்ததும் நிறுத்திவிட்டு மஞ்சள் கரு, வெனிலா, எலுமிச்சைத் துருவல் சேர்த்துக் கலக்கவும்.

மைதா, பாதாம் தூள், பட்டை, கிராம்பு, உப்பு எல்லாவற்றையும் தனியாகச் சேர்த்துச் சலித்து, அதை மொத்தமாகக் கொட்டி விரல் நுனிகளால் பிசிறுங்கள். முதலில் ஈரமணல் மாதிரி இருக்கும், ஒன்றுமே சேராதோ என்று தோன்றும். தண்ணீர் ஊற்றக் கை போகும், ஊற்றாதீர்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் பிடித்த வடிவம் நின்றால் போதும், சரியான பதம் அதுதான். எல்லாவற்றையும் அமுக்கிச் சேர்த்து ஓர் உருண்டையாக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்து பழகிய கைக்கு இங்கேதான் சிரமம். பிசையப் பிசைய மைதாவில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் இழுவை பெறும். சப்பாத்திக்கு அந்த இழுவை வேண்டும். குக்கீக்கு அதுவே எதிரி. இழுவை ஏறிய மாவு ஓவனில் சுருங்கி, வட்டமாக வெட்டியது முட்டை வடிவமாகும். கடித்தால் கட்டியாகவும் இருக்கும்.

பச்சை மாவை ருசி பார்க்கும் பழக்கம் இருந்தால் இதில் வேண்டாம். முட்டை மட்டுமில்லை, சுடாத மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம்.

முதலில் தேய்த்து, பிறகு குளிர வைப்பது

வழக்கமான செய்முறைகளில் உருண்டையைக் குளிர வைத்து, கல்லாக இறுகியதை எடுத்து, அதோடு மல்லுக்கட்டித் தேய்க்கச் சொல்வார்கள். இதைத் திருப்பிச் செய்வதுதான் சுலபம்.

மாவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே ஒரு பங்கை வைத்து, மென்மையாக இருக்கும்போதே கட்டையால் தேய்க்கவும். 3 மி.மீ. கனம் வேண்டும். கண்ணளவு போதாது என்று தோன்றினால் மாவின் இருபுறமும் 3 மி.மீ. கனமுள்ள இரண்டு மரச்சட்டங்களையோ அளவுகோல்களையோ வைத்து, கட்டை அவற்றின் மேல் உருளும்படி தேய்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே கனம் வரும். அவ்வப்போது மேல் பேப்பரை உரித்து மறுபடி போடுங்கள். இல்லாவிட்டால் பேப்பர் மடிந்த கோடுகள் மாவில் பதியும். இந்த முறையில் தூவுமாவு தேவையே இல்லை. தூவுமாவு சேரச்சேர மாவின் அளவே மாறிவிடுகிறது என்பதால் அதைத் தவிர்ப்பதும் ஒரு லாபம்.

மூன்று தகடுகளையும் பேப்பரோடு ஒரு தட்டில் அடுக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைக்கவும். அவசரமென்றால் ஃப்ரீசரில் 20 நிமிடம். வெண்ணெய் இறுகி, தகடு அட்டைபோல விறைப்பாக எழும்பி வர வேண்டும். வளைத்தால் நெளிகிற தகட்டை வெட்ட ஆரம்பிக்காதீர்கள்.

வெட்டுவது

ஒரு நேரத்தில் ஒரு தகடு மட்டும் வெளியே இருக்கட்டும். மேல் பேப்பரை உரித்து, திரும்ப லேசாகப் போட்டு, தகட்டைத் தலைகீழாகப் புரட்டி, அடிப் பேப்பரையும் ஒருமுறை உரித்து விடுங்கள். இப்போது வெட்டிய துண்டுகள் ஒட்டாமல் கையோடு வரும்.

நட்சத்திரம், மான், மரம் என்று கட்டர்கள் கவர்ச்சியாக இருக்கும். முதல்முறைக்கு வட்டமே உத்தமம். கூர்மையான முனைகள் நடுப்பகுதிக்கு முன்னால் கருகும், எடுக்கும்போதும் முதலில் ஒடிவது அவைதான். கட்டர் இல்லையென்றால் விளிம்பு மெல்லியதான ஒரு சின்ன டம்ளர் போதும். நடு ஓட்டைக்குச் சுத்தமான பாட்டில் மூடியோ, க்ரீம் பிழியும் நாசிலின் அகலமான பக்கமோ சரியாக இருக்கும். 2 செ.மீ. அளவு அழகு. அதைவிடப் பெரிதானால் விளிம்பு மெலிந்து உடையும்.

கீழ்க் குக்கீக்கும் மேல் குக்கீக்கும் எண்ணிக்கை சமமாக வருகிறதா என்று வெட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூடி இல்லாத பத்துக் குக்கீ மிஞ்சுவது இதில் சகஜம். வட்டங்களைத் தட்டுக்கு மாற்றிய பிறகு ஓட்டையைக் குத்தினால் வளையம் இழுபட்டு உருமாறாது.

மிச்சத் துண்டுகளைப் பிசைந்து சேர்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி அமுக்கி மறுபடி பேப்பருக்கு நடுவே தேய்த்து, மறுபடி குளிர வைத்து வெட்டலாம். இரண்டு முறைக்கு மேல் அப்படிச் செய்த மாவு கடினமாகும். நடுவிலிருந்து விழுந்த குட்டி வட்டங்களை அப்படியே சுட்டுவிடலாம், குழந்தைகள் காலி செய்துவிடுவார்கள்.

வெட்டி அடுக்கிய தட்டை ஓவனுக்குப் போகும்முன் 10 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். இதைத் தாண்டிப் போகத் தோன்றும். ஆனால் ஓரம் கூர்மையாக, ஓட்டை வட்டமாக வருவதற்கு இந்தப் பத்து நிமிடம்தான் காரணம். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும் பொருள். ஓவனுக்குள் போகும்போதே இளகியிருந்தால், மாவு வெந்து விறைப்பதற்கு முன்னால் வெண்ணெய் ஓடி, கூடவே குக்கீயும் பரவிவிடும்.

சுடுவது

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் முன்சூடாக்கவும். உள்ளே விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் 160 போதும். சின்ன ஓவன்களில் மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியட்டும், தட்டு நடு அடுக்கில். ஓவன் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். முதலில் நான்கைந்து குக்கீயை மட்டும் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வையுங்கள்.

ஓட்டை போட்டதையும் போடாததையும் ஒரே தட்டில் கலக்காதீர்கள். வளையங்கள் ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவே வெந்துவிடும். முழு வட்டங்களுக்கு 10 முதல் 12 நிமிடம், வளையங்களுக்கு 9 முதல் 10. பாதி நேரத்தில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்கவும். கடைசி இரண்டு நிமிடம் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள்.

ஓரத்தில் மட்டும் மெல்லிய பொன்னிறம் படர்ந்து, நடு வெளுப்பாகவே இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று சந்தேகம் வரும். ஆறும்போதுதான் இறுகும். நடுவும் சிவக்கும்வரை விட்டால், ஆறியபின் பிஸ்கட் மாதிரிக் கடினமாகி, வெண்ணெய் வாசனை போய்க் கருகல் வாசனை நிற்கும்.

5 நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றவும். அடுத்த சுற்று மாவைச் சூடான தட்டில் வைக்கவே கூடாது. வைத்தவுடன் அடி உருக ஆரம்பித்துவிடும். இரண்டு தட்டு இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ஒன்றுதான் என்றால் குழாய் நீரில் காட்டித் துடைத்து ஆற விடுங்கள், மாவு அதுவரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

ஜாமைக் காய்ச்சாமல் வைக்காதீர்கள்

எந்த ஜாம் என்பது உங்கள் விருப்பம். குக்கீயும் மேலே தூவும் சர்க்கரையும் இனிப்பு என்பதால், புளிப்புள்ள ஜாமாக இருந்தால் நாக்குக்குச் சுவை தெரியும். ராஸ்பெர்ரி, கரண்ட், ஆப்ரிகாட், பிளம் எல்லாம் பொருந்தும். ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம் மொழுக்கென்று இருக்கும். ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டால் எழும்பிவிடும். விதையும் பழத்துண்டும் இருந்தால் சூடாக்கி வடிகட்டிவிடுங்கள். துண்டு மாட்டிக்கொண்டால் மேல் குக்கீ சாய்ந்து நிற்கும்.

பாட்டிலிலிருந்து நேராக எடுத்து வைத்தால் ஜாம் ஓரத்தில் வழியும், அதிலுள்ள ஈரம் குக்கீக்குள் இறங்கி ஒரே நாளில் நமுத்துப்போகும். அடி கனமான பாத்திரத்தில் ஜாமைப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே 4, 5 நிமிடம் கொதிக்க விடவும். முதலில் இளகித் தண்ணீராக ஓடும், பயப்பட வேண்டாம். பிறகு குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். ஃப்ரீசரில் வைத்திருந்த ஒரு சின்னத் தட்டில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்து, தள்ளிய இடம் மூடிக்கொள்ளாமல் நின்றால் இறக்கிவிடலாம். அதற்குமேல் விட்டால் ஆறியதும் மிட்டாய் மாதிரிப் பல்லில் ஒட்டும்.

இறக்கி, கொதி அடங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பயன்படுத்த வேண்டும். காய்ச்சிய ஜாமின் சூடு கையில் பட்டால் லேசில் விடாது. குழந்தைகள் உதவிக்கு வந்தால் சர்க்கரை தூவும் வேலையைக் கொடுங்கள்.

ஜோடி சேர்ப்பது

குக்கீ முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு தூவிய சர்க்கரை உருகிப் பிசுபிசுக்கும். வளையங்களை மட்டும் தனியாகப் பரப்பி, டீ வடிகட்டியில் பொடித்த சர்க்கரையைப் போட்டுத் தட்டித் தட்டித் தூவவும். ஜோடி சேர்த்தபின் தூவினால் ஜாமின் மேலும் விழுந்து கரைந்து, பளபளப்பு மங்கிவிடும். கடையில் கிடைக்கும் ஐசிங் சுகரில் சோளமாவு கலந்திருப்பதால் வீட்டில் பொடித்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக வெள்ளையாக நிற்கும்.

முழு வட்டங்களைத் தலைகீழாக, அதாவது தட்டில் பட்ட தட்டையான பக்கம் மேலே வரும்படி அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் அரை டீஸ்பூன் ஜாம். பரப்ப வேண்டாம். சர்க்கரை தூவிய வளையத்தை ஓரத்தில் பிடித்து மேலே வைத்து, மெதுவாக ஒரு அழுத்து. ஜாம் தானாகப் பரவி, விளிம்புக்கு அரை செ.மீ. முன்னால் நின்றுவிடும். ஓட்டையில் ஜாம் தாழ்ந்து தெரிந்தால், சின்னக் கரண்டி நுனியால் இன்னொரு சொட்டு விடலாம்.

இதை ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டால் ஜாம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உடனே சாப்பிட்டால் மொறுமொறுப்பாக இருக்கும். ஆனால் ஓர் இரவு கழித்துச் சாப்பிட்டுப் பாருங்கள்: ஜாமின் ஈரம் அளவாக ஏறி, கடித்தால் விலகாமல் இரண்டும் ஒன்றாகவே உதிரும், பட்டையின் மணமும் அப்போதுதான் எழும்பும். என் ஓட்டு இரண்டாம் நாளுக்குத்தான். சிலருக்கு மொறுமொறுப்புதான் முக்கியம். அவர்கள் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் ஜாம் வைத்துக்கொள்ளட்டும்.

எடுத்து வைப்பது

காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து, சமையலறையின் குளிர்ச்சியான மூலையில் வைத்தால் 3, 4 நாள் நன்றாக இருக்கும். வெக்கையும் ஈரக்காற்றும் உள்ள இடமென்றால் ஃப்ரிட்ஜ்தான் வழி. எடுத்துப் பரிமாறும்முன் டப்பாவை மூடியபடியே அரை மணி நேரம் வெளியில் விட வேண்டும், இல்லாவிட்டால் குக்கீமேல் நீர் முத்துகள் கோத்து, தூவிய சர்க்கரை கரைந்துவிடும். ஜாம் வைக்காத குக்கீயோடு ஜாம் வைத்ததை ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் நமுக்கும்.

யாருக்காவது டப்பாவில் போட்டுக் கொடுப்பதாக இருந்தால் நெட்டுக்குத்தாக நிறுத்தாமல் படுக்கையாக அடுக்குங்கள், டப்பாவில் இடைவெளி இருந்தால் கசக்கிய பட்டர் பேப்பரால் அடைத்துவிடுங்கள். உள்ளே பாதாம், மைதா, முட்டை, வெண்ணெய் இருக்கிறது என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். வாங்குபவர் வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது.